ஒரு பணியாளர், ஒரு கணக்கு

பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேருகிற எவருக்கும், அவர் பேராசிரியராக இருந்தாலும் தேர்வுப் பிரிவு எழுத்தராக இருந்தாலும், முதல் வாரத்திலேயே ஒரு பயனர் கணக்கு கொடுத்துவிடுகிறார்கள். மின்னஞ்சல், சம்பளச் சீட்டு, விடுப்பு விண்ணப்பம், மதிப்பெண் பதிவேடு, நூலகம் சந்தா கட்டும் ஆய்விதழ்கள், வளாக வைஃபை, ஆய்வுத் தரவு கிடக்கும் சர்வர் எல்லாவற்றையும் அந்த ஒரு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் திறந்துவிடும். கணக்கை உருவாக்குவது, அது எதையெல்லாம் திறக்கலாம் என்று வரையறுப்பது, திருடுபோகாமல் காப்பது, பணியாளர் விலகும் நாளில் மூடுவது ஆகியவைதான் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் வேலையில் பெரும்பங்கு. பிரிண்டர் மக்கர் செய்யும்போது மட்டும் பலருக்கு நினைவுக்கு வரும் பிரிவு அது.

வங்கியும் இராணுவ அலுவலகமும் கதவைச் சாத்திவைத்துக்கொண்டு வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்தால் முடியாது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் புதிதாக வருகிறார்கள், அதே அளவுக்கு வெளியேறுகிறார்கள். மாணவர்கள் சொந்த மடிக்கணினியோடு வளாக வலையமைப்புக்குள் நுழைகிறார்கள். விலையுயர்ந்த ஆய்வகக் கருவி ஒன்று, தயாரித்தவரே கைவிட்டுவிட்ட பழைய விண்டோஸ் பதிப்பில்தான் இயங்கும். பேராசிரியர்களின் முகவரியும் ஆய்வுத் துறையும் எல்லோர் பார்வைக்கும் வெளியிடப்பட்டிருக்கும். முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் திறக்காதீர்கள் என்ற அறிவுரையை எல்லாப் பாதுகாப்புக் கையேடுகளிலும் பார்க்கலாம். ஆனால் மாணவர் சேர்க்கை அலுவலருக்கும், ஆய்விதழ் ஆசிரியராக இருக்கும் பேராசிரியருக்கும், முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் திறப்பதே வேலை. பணியாளரின் எச்சரிக்கை உணர்வை மட்டும் நம்பி இங்கே பாதுகாப்பைக் கட்ட முடியாது. அரை நூற்றாண்டுக்கும் மேலான அனுபவம் அதையே காட்டுகிறது.

கடவுச்சொல் வந்த வழி

கணினியில் கடவுச்சொல் என்ற ஏற்பாடே ஒரு பல்கலைக்கழக வளாகத்தில்தான் வேரூன்றியது. அமெரிக்காவின் எம்ஐடியில் பெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையிலான குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சிடிஎஸ்எஸ் என்னும் அமைப்பை 1961 நவம்பரில் இயக்கிக் காட்டியது. ஒருவரின் கோப்புகளை மற்றவர் பார்க்காமல் இருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். மறு ஆண்டே அது திருடுபோனது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் கணினி ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆராய்ச்சிக்கு அது போதவில்லை. கோப்புகளை அச்சிட்டுத் தரும்படி துளையட்டை மூலம் கோரும் வசதி அப்போது இருந்தது. கடவுச்சொற்கள் மொத்தமும் அடங்கிய கோப்பின் பெயரை அட்டையில் குறித்துக் கொடுத்தார். அச்சிட்ட தாள் கைக்கு வந்தது. பிறர் கணக்கில் நுழைந்து கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார். கால் நூற்றாண்டு கழித்து அவரே இதை வெளியே சொன்னார்.

1966-இல் திருடனே தேவைப்படவில்லை. உள்நுழைபவர்களுக்குக் காட்டும் அன்றைய அறிவிப்பை ஒருவர் திருத்திக்கொண்டிருந்தபோது, மற்றொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்தினார். திருத்தும் மென்பொருள் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியதால் இரண்டும் இடம் மாறின. அடுத்து உள்நுழைந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்பாக எல்லோருடைய கடவுச்சொற்களும் திரையில் வந்தன. 1990-க்கான டூரிங் விருதைப் பெற்ற கோர்பாட்டோ, விருது உரைக்கு எடுத்துக்கொண்ட பொருளே தோற்கப்போகும் அமைப்புகளை உருவாக்குவது பற்றியதுதான். இந்த நிகழ்ச்சியையும் அதில் சொன்னார்.

கடவுச்சொற்களை உள்ளபடியே கோப்பில் எழுதிவைத்ததுதான் இரு கதைகளிலும் கோளாறு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டைட்டன் கணினியில் 1967 வாக்கில் ரோஜர் நீதமும் அவருடைய சகாக்களும் இதற்கு வழி கண்டார்கள். கடவுச்சொல்லைத் திரும்பிப் போக முடியாத ஒருவழிக் கணக்கீட்டுக்கு உட்படுத்தி, கிடைக்கும் விடையை மட்டும் சேமிப்பது என்பது அவர்கள் யோசனை. பயனர் கடவுச்சொல்லைத் தட்டும்போது அதே கணக்கீட்டை மறுபடி செய்து விடைகளை ஒப்பிட்டால் போதும். விடையிலிருந்து கடவுச்சொல்லுக்குப் போக நேர்வழி இல்லை. கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கு உதவி மையம் பழையதைச் சொல்லாமல் புதியதை அமைக்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே. மையத்திடம் பழையது கிடையாது. மறந்த கடவுச்சொல்லை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் இணையதளம் இன்னும் 1962-இல் இருக்கிறது என்று முடிவு செய்துகொள்ளலாம்.

நேர்வழி இல்லாவிட்டாலும் ஊகிக்கும் வழி திறந்தே இருந்தது. அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாகக் கணக்கீட்டில் செலுத்தி, விடை எங்கே பொருந்துகிறது என்று பார்க்கலாம். பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மாரிசும் கென் தாம்சனும் 1979-இல் வெளியிட்ட கட்டுரை இதை எண்களோடு காட்டியது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 15 ஒரே ஓர் எழுத்து, 72 இரண்டெழுத்து, 464 மூன்றெழுத்து. மற்ற குறுகிய கடவுச்சொற்களையும் அகராதியில் கிடைத்தவற்றையும் சேர்த்தால் 86 விழுக்காடு எளிதில் சிக்கின. ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் ஒரு தற்செயல் எண்ணைக் கலந்து கணக்கிடும் முறையையும் அவர்கள் விளக்கினார்கள். துறையில் அதற்கு உப்பு என்று பெயர். இருவர் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தாலும் சேமிக்கப்படும் விடைகள் வேறாகிவிடும். தாக்குபவர் ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியே உடைக்க வேண்டியிருக்கும்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஒருவர் எழுதிய தானே பரவும் நிரல் அன்றைய இணையத்தில் சுமார் 6,000 கணினிகளை முடக்கியதாக மதிப்பிடப்பட்டது. பரவ அது கையாண்ட உத்திகளில் ஒன்று, 432 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக் கடவுச்சொற்களை ஊகிப்பது. எழுதியவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ். 1979-ஆம் ஆண்டுக் கட்டுரையாளரின் மகன். நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூக சேவையும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது. பின்னாளில் அவர் எம்ஐடியில் பேராசிரியரானார். அந்தத் தாக்குதலின் சூட்டோடு அதே மாதத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசரநிலைக் குழு தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் பல நாடுகளும் தங்களுக்கென அமைத்துக்கொண்ட குழுக்களுக்கு, 2004 முதல் செயல்படும் இந்தியாவின் செர்ட்-இன் உட்பட, அதுவே முன்மாதிரி.

ஊகிக்கும் வேகம் இன்று வேறு தளத்துக்குப் போய்விட்டது. ஆங்கிலச் சிற்றெழுத்துகள் எட்டைக் கொண்டு 20,000 கோடிக்குச் சற்று அதிகமான கடவுச்சொற்களை அமைக்கலாம். பழைய வேகமான கணக்கீட்டு முறையில் சேமித்திருந்தால், கணினி விளையாட்டுக்காக விற்கும் ஒரு கிராஃபிக்ஸ் அட்டை நொடிக்குப் பல ஆயிரம் கோடி ஊகங்களைச் சோதித்துவிடும். ஆகவே 1999-இல் நீல்ஸ் புரோவோசும் டேவிட் மாஸியேரும் வேண்டுமென்றே மெதுவாக ஓடும் பிகிரிப்ட் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். உள்நுழைபவருக்கு ஒரு நொடியின் சிறு பகுதி தாமதம் தெரியாது. கோடிக்கணக்கில் ஊகிப்பவருக்கு அது பெருஞ்சுமை.

தொண்ணூறு நாள் விதி

பணியாளர்களைப் பல ஆண்டுகள் வாட்டிய விதிகள் இரண்டு. கடவுச்சொல்லில் பேரெழுத்து, சிற்றெழுத்து, எண், குறியீடு நான்கும் இருக்க வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இவற்றைப் பரப்பியதில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டின் 2003-ஆம் ஆண்டு ஆவணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அதை எழுதிய பில் பர், தாம் செய்ததில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017-இல் பத்திரிகைக்குச் சொன்னார்.

விதி ஏன் பயன் தரவில்லை என்பதற்குத் தெளிவான சான்று ஒரு பல்கலைக்கழகத்திலிருந்தே கிடைத்தது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில், மூடப்பட்ட 7,700-க்கும் மேற்பட்ட கணக்குகளின் பழைய கடவுச்சொல் வரிசைகளை ஆய்வாளர்கள் மூவர் 2010-இல் ஆராய்ந்தார்கள். மாற்றச் சொல்லும்போது மனிதர்கள் புதிதாக எதையும் சிந்திப்பதில்லை. கடைசியில் இருந்த 1 அடுத்த முறை 2 ஆகிறது. எஸ் இருந்த இடத்தில் டாலர் குறி வருகிறது. முந்தைய கடவுச்சொல் தெரிந்தால், 17 விழுக்காடு கணக்குகளில் அடுத்ததை ஐந்து ஊகங்களுக்குள் பிடித்துவிட முடிந்தது. கடவுச்சொல் கோப்பே கையில் இருக்கும் தாக்குதலில் 41 விழுக்காடு சில நொடிகளில் வீழ்ந்தன. 2017-இல் நிஸ்ட் விதிகளைத் திருப்பி எழுதியது. கசிந்ததற்கான அறிகுறி இருந்தாலொழியக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மாற்றச் சொல்ல வேண்டாம். குறியீடுகளை வற்புறுத்த வேண்டாம். நீளத்துக்கு இடம் கொடுக்கலாம். ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருந்தால் மறுக்க வேண்டும். இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் 90 நாள் விதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அலுவலகங்கள் உண்டு. தணிக்கைப் படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் இருப்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் சொல்வது கடினம்.

கார்னகி மெலனில் 25,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், பணியாளர்கள், மாணவர்களின் கடவுச்சொற்களை, அவர்கள் அடையாளம் வெளிப்படாத ஏற்பாட்டில் ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வந்தது. கணினி அறிவியல் துறையினரின் கடவுச்சொற்கள் வணிகவியல் துறையினருடையதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் வலுவானவை என்று அது கண்டது. வலுவான கடவுச்சொல் வைத்தவர்கள் தட்டும்போது அதிகம் தவறினார்கள் என்பதும் அதே கட்டுரையின் முடிவு.

நினைவில் நிற்கும் வலுவான கடவுச்சொல்லுக்கு நல்ல வழி, தொடர்பில்லாத சில சொற்களைத் தற்செயலாகத் தேர்ந்து அடுக்குவது. டைஸ்வேர் என்ற முறையில் பகடையை ஐந்து முறை உருட்டி, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல் எடுப்பார்கள். இப்படி ஐந்து சொற்கள் எடுத்தால் கிடைக்கும் சேர்க்கைகளின் எண்ணிக்கை 28-க்குப் பின்னால் 18 சுழியங்கள். சொற்களை மனம் தேர்ந்தெடுத்தால் இந்தக் கணக்கு செல்லாது. மனம் குலதெய்வத்தின் பெயரையும் பிள்ளையின் பெயரையும்தான் தேடிப்போகும்.

ஒரு தளத்துக்கு ஒரு கடவுச்சொல் என்பதுதான் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. பணியாளர் தம் பல்கலைக்கழகக் கடவுச்சொல்லையே ஏதோ ஒரு கடைத்தளத்துக்கும் வைத்திருந்து, அந்தத் தளம் கசிந்தால், தாக்குபவர்கள் அதே பயனர்பெயர்-கடவுச்சொல் இணையை நூற்றுக்கணக்கான தளங்களில் தானியங்கியாகப் போட்டுப் பார்ப்பார்கள். நூறு தளங்களுக்கு நூறு கடவுச்சொற்களை எவராலும் நினைவில் வைக்க முடியாது. அந்த வேலையைக் கடவுச்சொல் மேலாளர் என்ற மென்பொருளிடம் விட்டுவிடலாம். பணியாளர் நினைவில் வைத்திருக்க வேண்டியது அதைத் திறக்கும் ஒன்றை மட்டுமே.

ஒருமுறை நுழைந்தால் போதும்

ஒரே கணக்கு எல்லாவற்றையும் திறப்பது எப்படி? எம்ஐடியில் 1983-இல் தொடங்கிய அதீனா திட்டத்தில், வளாகம் முழுவதும் பரவிய கணினிகளுக்காக கெர்பரோஸ் என்ற நெறிமுறை உருவானது. பணியாளர் காலையில் ஒருமுறை கடவுச்சொல்லைக் கொடுக்கிறார். அடையாளச் சர்வர் சில மணி நேரம் செல்லும் மின்னணுச் சீட்டு ஒன்றைத் தருகிறது. மின்னஞ்சல் சர்வருக்கும் கோப்புச் சர்வருக்கும் அந்தச் சீட்டைக் கொண்டு பெற்ற துணைச் சீட்டுகள்தான் போகின்றன. கடவுச்சொல் வலையமைப்பில் பயணிப்பதே இல்லை. மைக்ரோசாஃப்ட் இதை விண்டோஸ் 2000-இல் ஏற்றுக்கொண்டதால், அலுவலகக் கணினிகளில் காலை உள்நுழைவுக்குப் பின்னால் பெரும்பாலும் கெர்பரோஸ்தான் ஓடுகிறது. நிறுவன எல்லையைத் தாண்டி, வெளி ஆய்விதழ்த் தளத்தில் சொந்தப் பல்கலைக்கழகக் கணக்கால் நுழையும் வசதியை ஷிபொலத் போன்ற மென்பொருள்கள் தந்தன. இந்தியாவில் காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இன்ஃபெட் கூட்டமைப்பு அந்த வகைதான்.

எடுரோம் என்ற வைஃபை ஏற்பாடு இந்தக் கருத்தின் நீட்சி. நெதர்லாந்தின் கிளாஸ் வீரெங்கா 2002-இல் முன்வைத்த இந்த யோசனை இன்று நூறு நாடுகளைத் தாண்டிவிட்டது. இந்தியாவில் எர்நெட்டும் இலங்கையில் லேர்ன் அமைப்பும் இதை நடத்துகின்றன. இதில் சேர்ந்த இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றின் விரிவுரையாளர் ஆம்ஸ்டர்டாமில் மடிக்கணினியைத் திறந்தால், அங்குள்ள வலையமைப்பு அவருடைய பயனர்பெயரில் உள்ள நிறுவனப் பகுதியைப் பார்த்து, கேள்வியை இலங்கைக்கு அனுப்புகிறது. சொந்தப் பல்கலைக்கழகம் சரி என்றால் இணைப்பு கிடைக்கிறது. மறையாக்கிய சுரங்கத்தில் போவதால் கடவுச்சொல்லை நடுவில் உள்ள எவரும் பார்க்க முடியாது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. தன் பல்கலைக்கழகத்தின் சான்றிதழைச் சரிபார்க்கும்படி கைபேசியை அமைத்திருக்க வேண்டும். அந்த அமைப்பைத் தவிர்த்தால், அதே பெயரில் காபிக்கடையில் ஒருவர் வைக்கும் போலி வைஃபைக்கும் கைபேசி கடவுச்சொல்லைக் கொடுத்துவிடக்கூடும். கையால் அமைக்காமல் பல்கலைக்கழகம் தரும் நிறுவியைப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்.

அஞ்சலில் வரும் வலை

மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982-இல் எழுதியபோது, இணையம் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களின் சிறு வட்டம். அனுப்புநர் என்ற இடத்தில் எழுதியிருப்பது உண்மையா என்று சோதிக்க அதில் வழியே வைக்கப்படவில்லை. துணைவேந்தரின் முகவரியிலிருந்து வந்ததுபோல் யாரும் எழுதலாம். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று ஏற்பாடுகள் பின்னாளில் இந்த ஓட்டையை அடைத்தன. எந்தச் சர்வர்கள் தன் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று பல்கலைக்கழகம் அறிவிக்கிறது. ஒவ்வோர் அஞ்சலிலும் மின்னணுக் கையொப்பம் இடுகிறது. பொருந்தாதவற்றை நிராகரிக்கும்படி உலகத்துக்குச் சொல்கிறது. இவற்றைச் சரியாக அமைத்த நிறுவனத்தின் முகவரியை அப்படியே போலியாக எழுத முடியாது. போலிகள் அதனால் ஓரெழுத்து மாறிய முகவரிக்கு நகர்ந்தன.

ஃபிஷிங் என்று சொல்லப்படும் இந்த ஏமாற்றில் பல்கலைக்கழகங்களையே குறிவைத்த மிகப் பெரிய நடவடிக்கைகளில் ஒன்று 2018 மார்ச்சில் வெளியே தெரிந்தது. ஈரானின் மப்னா நிறுவனத்தோடு தொடர்புடைய ஒன்பது பேர் மீது அமெரிக்க அரசு தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, அவர்கள் 2013 முதல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பேராசிரியர் கணக்குகளைக் குறிவைத்து, சுமார் 8,000-ஐக் கைப்பற்றினார்கள் என்கிறது. 144 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும், 21 பிற நாடுகளின் 176 பல்கலைக்கழகங்களும் அதில் அடக்கம். உத்தி எளிமையானது. வேறொரு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எழுதியதுபோல் ஓர் அஞ்சல் வரும். உங்கள் அண்மைக் கட்டுரையைப் படித்தேன், இதோ தொடர்புடைய கட்டுரைகள் என்று சில சுட்டிகள் இருக்கும். அழுத்தினால் சொந்தப் பல்கலைக்கழகத்தின் உள்நுழைவுப் பக்கம் போன்ற ஒன்று திறக்கும். நேரம் கடந்ததால் மறுபடி உள்நுழையச் சொல்கிறது போலும் என்று பேராசிரியர் கடவுச்சொல்லைத் தட்டுவார். தன் கட்டுரையைப் பாராட்டி வந்த கடிதத்தைச் சந்தேகிக்கும் ஆய்வாளர் அரிது.

பணத்துக்காக நடப்பது இன்னும் எளிமை. கனடாவின் எட்மன்டனில் உள்ள மெக்யூவன் பல்கலைக்கழகத்துக்கு 2017-இல், கட்டுமான நிறுவனம் ஒன்றின் பெயரில், தங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல்கள் வந்தன. பணியாளர்கள் கணக்கு எண்ணை மாற்றினார்கள். ஆகஸ்டில் மூன்று தவணைகளில் 1.18 கோடி கனடா டாலர் போய்விட்டது. உண்மையான நிறுவனம் பணம் வரவில்லையே என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. பெரும்பகுதி பின்னர் மீட்கப்பட்டது. இங்கே எந்தக் கணினியும் உடைக்கப்படவில்லை. கோப்பில் ஏற்கெனவே உள்ள எண்ணுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு இல்லாமல் வங்கிக் கணக்கை மாற்றக் கூடாது என்ற நடைமுறை இருந்திருந்தால் போதும்.

2025-இல் மைக்ரோசாஃப்ட் விவரித்த தாக்குதல் இந்த இரண்டையும் சேர்த்தது. மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 11 கணக்குகளைப் பிடித்து, அவற்றிலிருந்து 25 பல்கலைக்கழகங்களின் ஏறத்தாழ 6,000 முகவரிகளுக்கு அஞ்சல் அனுப்பினார்கள். வளாகத்தில் நோய்த்தொற்று, ஆசிரியர் நடத்தை குறித்த புகார் என்பன போன்ற தலைப்புகள். சிக்கியவர்களின் சம்பளப் பக்கத்தில் நுழைந்து வங்கிக் கணக்கை மாற்றினார்கள். மாற்றம் செய்யப்பட்டது என்று தானாக வரும் அறிவிப்பு அஞ்சலை அழிக்கும் விதியையும் பெட்டியில் எழுதிவைத்தார்கள். சம்பளம் வராத நாள்வரை பணியாளருக்கு ஒன்றும் தெரியாது. தான் அமைக்காத வடிகட்டி விதி ஏதேனும் அஞ்சல் பெட்டியில் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பது இதனால் பயனுள்ளது.

போலிப் பக்கத்தைக் கண்டறிய முகவரிப் பட்டையைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. தொடக்கக் குறிகளுக்குப் பின் வரும் முதல் சாய்கோட்டைத் தேட வேண்டும்; அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் இரண்டு துண்டுகள், ஏசி.இன் போன்ற முடிவுள்ள முகவரிகளில் மூன்று துண்டுகள், உரிமையாளர் யார் என்று சொல்லும். அதற்கும் முன்னால் பல்கலைக்கழகத்தின் பெயர் எத்தனை முறை வந்தாலும் பொருளில்லை. கைபேசித் திரையில் இதைப் படிப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடவுச்சொல் மேலாளர் இங்கே கண்ணைவிட நம்பகமானது. முகவரி ஓரெழுத்து மாறினாலும் அது கடவுச்சொல்லை நிரப்ப மறுத்துவிடும்.

பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ மருத்துவப் பிரிவில் 19,500 பணியாளர்களுக்கு எட்டு மாதங்களில் பத்து முறை போலி ஃபிஷிங் அஞ்சல் அனுப்பிச் செய்த சோதனையில், பயிற்சி பெற்றவர்கள் ஏமாறும் விகிதம் மற்றவர்களைவிட 1.7 விழுக்காடு மட்டுமே குறைவு. ஆனால் சூரிக்கின் இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெருநிறுவனம் ஒன்றின் 14,000 பணியாளர்களிடம் 15 மாதங்கள் செய்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. சந்தேக அஞ்சலைத் தெரிவிக்க ஒரு பொத்தான் கொடுத்தால், யாராவது சிலர் விரைவிலேயே தெரிவித்துவிடுகிறார்கள். அந்தத் தகவலைக் கொண்டு மற்ற எல்லோர் பெட்டியிலிருந்தும் அதை அகற்றிவிடலாம். ஏமாந்தவரைத் திட்டும் அலுவலகத்தில் இந்தப் பொத்தான் வேலை செய்யாது. அங்கே ஏமாந்தவர் வாய் திறக்கமாட்டார்.

இரண்டாவது சான்று

கடவுச்சொல் திருடுபோகும் என்று வைத்துக்கொண்டே அமைப்பைக் கட்டுவதுதான் இரட்டைச் சான்று முறை. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி எல்லோருக்கும் பழகியது. கைபேசி எண்ணை வேறு சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் மோசடி இருப்பதால் அது இந்த வகைகளில் பலவீனமானது. செயலி காட்டும் ஆறிலக்க எண்ணுக்கு வலையமைப்பே தேவையில்லை. பதிவு செய்த நாளில் சர்வரும் கைபேசியும் ஓர் இரகசிய எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டும் அதைக் கடிகார நேரத்தோடு சேர்த்து 30 நொடிக்கு ஒருமுறை ஒரே கணக்கீட்டைச் செய்வதால் ஒரே விடை வருகிறது. இந்த முறை 2011-இல் தரப்படுத்தப்பட்டது. அனுமதிக்கவா என்று கைபேசியில் கேட்கும் அறிவிப்பு இன்னும் வசதி. நள்ளிரவில் விடாமல் கேட்டுக்கேட்டுப் பணியாளரைச் சலிக்கவைத்து அனுமதி வாங்கிவிடும் உத்தியும் உடனே பிறந்தது. திரையில் தெரியும் எண்ணைக் கைபேசியில் தட்டவைக்கும் மாற்றம் அதற்குப் பதில்.

போலிப் பக்கம் ஆறிலக்க எண்ணையும் வாங்கி, அதே நொடியில் உண்மையான தளத்தில் போட்டுவிடலாம் என்பது இவற்றுக்குள்ள பொதுவான குறை. அதைத் தீர்ப்பது 2019 மார்ச்சில் இணையத் தரமாக ஏற்கப்பட்ட வெப்ஆத்தென். பாஸ்கீ என்ற பெயரில் கைபேசிகளில் இப்போது வருவது இதுதான். கருவிக்குள் ஓர் இரகசியத் திறவுகோல் இருக்கிறது. அதன் பொது இணை மட்டும் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. உள்நுழையும்போது தளம் ஒரு புதிய எண்ணை அனுப்ப, கருவி அதில் கையொப்பமிட்டுத் திருப்புகிறது. கையொப்பத்தில் தளத்தின் முகவரியும் சேர்வதால், போலித் தளத்தில் இட்ட கையொப்பம் உண்மைத் தளத்தில் செல்லாது. பணியாளர் ஏமாந்தாலும் கருவி ஏமாறுவதில்லை.

மாஸ்ட்ரிக்ட், 2019

ஒரே ஒரு அஞ்சல் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் தானே வெளியிட்ட விவரங்களிலிருந்து அறியலாம். 2019 அக்டோபர் 15, 16 நாள்களில் இரண்டு கணினிகளில் ஃபிஷிங் அஞ்சல்கள் திறக்கப்பட்டன. அந்தக் கணினிகளிலிருந்து தாக்குபவர்கள் மெல்ல நகர்ந்தார்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு போடாமல் விடப்பட்ட ஒரு சர்வர் வழியாக நவம்பர் 21 அன்று முழு நிர்வாகி அதிகாரத்தைக் கைப்பற்றினார்கள். அதற்குப் பிறகும் ஒரு மாதம் சத்தமில்லாமல் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கியதும், டிசம்பர் 23 மாலை, 267 விண்டோஸ் சர்வர்கள் மறையாக்கப்பட்டன. மின்னஞ்சல், கோப்புகள், மாணவர் பதிவு எதையும் திறக்க முடியவில்லை. சில முக்கிய அமைப்புகளின் காப்புப் பிரதிகளும் அதே வலையமைப்பில் இருந்ததால் அவையும் போயின.

நிர்வாகத்தின் முன் இரண்டே வழிகள் இருந்தன. மாதக்கணக்கில் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுவது ஒன்று, தாக்குபவர்கள் கேட்ட பணயத்தொகையைக் கொடுப்பது மற்றொன்று. ஜனவரித் தேர்வுகளும் சம்பளமும் ஆய்வுத் தரவும் தொங்கிக்கொண்டிருந்தன. டிசம்பர் 30 அன்று 30 பிட்காயின், அப்போதைய மதிப்பில் சுமார் 2 லட்சம் யூரோ, கொடுத்துத் திறவுகோல் வாங்கினார்கள். குற்றவாளிக்குப் பணம் கொடுத்தது சரியா என்ற வாதம் நெதர்லாந்தில் நெடுநாள் நடந்தது. பல்கலைக்கழகம் 2020 பிப்ரவரி 5 அன்று பொதுக்கூட்டம் நடத்தி, எங்கே சறுக்கினோம் என்பதை, தாக்குதலை விசாரித்த பாதுகாப்பு நிறுவனத்தின் அறிக்கையோடு வெளியிட்டது. பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் பெரும்பாலும் செய்யத் தயங்குகிற காரியம் அது. கதைக்கு விசித்திரமான பின்குறிப்பும் உண்டு. பணத்தின் ஒரு பகுதி போன கணக்கைக் காவல்துறை 2020-இல் முடக்கியது. அன்று 40,000 யூரோ மதிப்பில் இருந்த அந்த நாணயங்கள் 2022-இல் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும்போது பிட்காயின் விலை ஏறிச் சுமார் 5 லட்சம் யூரோ ஆகியிருந்தன. கொடுத்ததைவிட அதிகம் திரும்பி வந்தது.

அஞ்சலைத் திறந்த இருவரைக் குற்றம் சொல்லி இந்த வரிசையை விளங்கிக்கொள்ள முடியாது. அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே தடுத்திருக்கக்கூடிய இடங்கள் பல. புதுப்பிப்பை உடனே போடுவது, ஒரு துறையின் சர்வரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாமல் வலையமைப்பைப் பிரிப்பது, நிர்வாகிக் கணக்கால் அன்றாட வேலை செய்யாமல் இருப்பது, புதிய நிர்வாகி அதிகாரம் தோன்றினால் எச்சரிப்பது, காப்புப் பிரதிகளில் ஒன்றையாவது வலையமைப்பிலிருந்து துண்டித்து வைப்பது. பணியாளர் கணினியில் மறுதொடக்கம் கேட்டு வரும் அறிவிப்பு இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி. நாளைக்கு என்று அதைத் தள்ளிக்கொண்டே போகும் பழக்கத்தை முறியடிக்க, குறிப்பிட்ட நாளுக்குப் பின் தானாகவே மறுதொடக்கம் செய்யும்படி பிரிவுகள் அமைத்துவிடுகின்றன. மடிக்கணினியின் வட்டு மறையாக்கப்பட்டிருந்தால், அது இரயிலில் தொலைந்தாலும் மதிப்பெண் பட்டியல் தொலைந்ததாகாது. கேட்பாரற்றுக் கிடந்த பென்டிரைவை அலுவலகக் கணினியில் செருகிப் பார்ப்பது தவிர்க்க வேண்டியது.

கணக்கை மூடுதல்

ஓய்வோ இடமாற்றமோ ராஜினாமாவோ, பணியாளர் விலகும்போது கணக்கும் முடிய வேண்டும். நடைமுறையில் இது அதிகம் தவறும் இடம். ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு ஆய்வு மாணவர்கள் இன்னும் இருப்பார்கள். வருகை விரிவுரையாளரின் ஒப்பந்தம் முடிந்து மறுபடி தொடங்கும். கணக்கைத் திறந்தே வைப்பது எல்லோருக்கும் வசதி. பயன்பாட்டில் இல்லாத கணக்கில் யார் நுழைந்தாலும் கவனிக்க ஆளில்லை. 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாய் நிறுவனத்தை முடக்கியவர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் விடப்பட்டு இரட்டைச் சான்றும் இல்லாமல் இருந்த ஒரு தொலை இணைப்புக் கணக்கின் வழியாகத்தான். மனிதவளப் பிரிவின் பதிவேட்டில் கடைசி நாள் ஏறியதும் கணக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும்படி இரண்டு அமைப்புகளையும் இணைப்பது இதற்கு நிலையான ஏற்பாடு. ஓய்வுபெற்றவர்களுக்கு மின்னஞ்சலும் நூலகமும் மட்டும் திறக்கும் தனி வகைக் கணக்கு கொடுக்கலாம். தேர்வுப் பிரிவில் ஐந்து பேர் பகிரும் ஒரே கடவுச்சொல் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காது. ஒருவர் விலகினாலும் அதை மாற்ற வேண்டும். பொது அஞ்சல் பெட்டியை ஒவ்வொருவரும் தத்தம் கணக்கின் வழியே திறக்கும்படி அமைத்தால் அந்தத் தலைவலியே இல்லை.

விலகும் பணியாளர் தம் பங்குக்குக் கவனிக்க வேண்டியதும் உண்டு. பல்கலைக்கழக முகவரியை வங்கிக்கும் வருங்கால வைப்பு நிதிக்கும் கொடுத்திருந்தால், கணக்கு மூடிய பிறகு அவற்றின் கடவுச்சொல்லை மீட்கும் அஞ்சல் போய்ச்சேர இடம் இருக்காது. தொடக்கத்திலேயே அலுவல் முகவரியையும் சொந்த முகவரியையும் பிரித்து வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆய்விதழ்களில் அச்சான தொடர்பு முகவரியை மாற்ற முடியாது. நிறுவனம் மாறினாலும் மாறாத 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண்ணை ஆர்கிட் அமைப்பு 2012 அக்டோபர் முதல் வழங்கிவருகிறது. அந்தக் கணக்கில் சொந்த மின்னஞ்சலை இரண்டாவது முகவரியாகச் சேர்ப்பதைக் கடைசி வேலைநாளுக்கு முன்பே செய்துவிட வேண்டும். இருக்கும் ஒரே முகவரி மூடப்பட்டிருந்தால் மீட்பு அஞ்சல் அதற்குத்தான் போகும்.